விடை முதலில் ஆசிரியரைச் சேரட்டும்

தமிழகத்தின் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி. தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள். அரசு அறிவித்த திட்டங்களின் அளவு இது. கருவிகள் பள்ளிக்குள் வந்துவிட்டன. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு இன்றைய பாடம் விளங்கியதா என்பதை, மணி அடிப்பதற்குள் ஆசிரியருக்குச் சொல்ல இந்தக் கருவிகளால் முடியும். அதே குழந்தையை ஒரு மதிப்பெண்ணாக்கிச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, ஆசிரியரை வெறுங்கையோடு நிறுத்தவும் இவற்றால் முடியும். இரண்டில் எது நடக்கப்போகிறது என்பதுதான் இப்போது நம் முன் உள்ள கேள்வி.

இது கல்வித் துறையின் உள்விவகாரம் அல்ல. வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை நீளும் தூத்துக்குடிக் கடற்கரையில், பெரும்பாலான பெற்றோர் விடிவதற்கு முன்பே கடலுக்கோ உப்பளத்துக்கோ கிளம்பிவிடுகிறார்கள். துறைமுகத்தில் சுமை தூக்கும் வீடுகளிலும் இதே கதைதான். மாலையில் நோட்டைப் புரட்டிப் பார்த்து, ‘இந்தக் கணக்கை ஏன் தப்பாகப் போட்டாய்?’ என்று கேட்க நேரமுள்ளவர்கள் குறைவு. இந்த வீடுகளின் பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள், வகுப்பில் நிற்கும் ஆசிரியர்தான். அவர் கண்ணுக்குத் தப்பினால், அந்தப் பிள்ளையை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

கூட்டுக் குரலில் மறையும் குழந்தை

‘புரிந்ததா?’ என்று ஆசிரியர் கேட்கிறார். ‘புரிந்தது டீச்சர்’ என்று வகுப்பே முழங்குகிறது. நம் தொடக்கப் பள்ளிகளில் ஒரு நாளைக்குப் பலமுறை நடக்கும் காட்சி இது. முன்வரிசையில் ஐந்து குழந்தைகளுக்கு விடை தெரிந்தால் போதும். மற்றவர்கள் அரை நொடி தாமதித்து அந்த ஒலியோடு சேர்ந்துகொள்வார்கள். ஆசிரியர் காதுக்கு எல்லோரும் சொன்னதுபோலவே கேட்கும்.

முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இந்தக் கரைக்கு இந்தப் பழக்கம் மிகப் பழையது. 1542-ல் இங்கு வந்த கிறித்தவ மறைப்பணியாளர் பிரான்சிஸ் சவேரியார், மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி, தமிழில் எழுதி வாங்கிய மந்திரங்களைத் தாம் முதலில் சொல்லி, அவர்களைத் திரும்பச் சொல்லவைத்ததாகத் தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார். மனப்பாடம் செய்விக்க அது நல்ல வழி. சேர்ந்து சொல்லும்போது கூச்சம் தெளிகிறது, நாக்கு பழகுகிறது. ஆனால், யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதைக் கூட்டுக் குரல் ஒருபோதும் சொல்லாது.

‘தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்’ என்ற முறையிலும் இதே சிக்கல்தான். தெரிந்த பிள்ளையே திரும்பத் திரும்பக் கை தூக்கும். தெரியாத பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். சரியான விடை வந்துவிட்டதால் பாடம் அடுத்த பக்கத்துக்கு நகரும்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கலாமே என்று தோன்றலாம். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கினாலும் அரை மணி நேரம் போய்விடும். பாடவேளையே நாற்பது நிமிடம்தான். ஒரே அறையில் இரண்டு, மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் ஈராசிரியர் பள்ளியில் இதற்கு வழியே இல்லை. எல்லாக் குழந்தைகளின் விடையையும் ஒரே நேரத்தில், தனித்தனியாக அறிய ஒரு வழி வேண்டும். மாணவர் பதிலளிப்புத் தொழில்நுட்பம் தீர்க்க முயல்வது இந்தச் சிக்கலைத்தான்.

இப்போது ஏன் அவசரம்?

2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் 5, 8-ஆம் வகுப்புகளுக்குக் கட்டாயத் தேர்ச்சி முறையைக் கைவிட்டது. தமிழகம் அதைப் பின்பற்ற மறுத்து, எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்ற நிலையில் உறுதியாக நின்றது. அது சரியான முடிவு. பத்து வயதுப் பிள்ளையைத் தோற்கடித்து உட்காரவைத்தால் அது படித்துவிடாது. படகுக்கோ தீப்பெட்டி ஒட்டவோ போய்விடும்.

ஆனால், அந்த முடிவுக்கு மறுபக்கம் ஒரு கடமை இருக்கிறது. ஆண்டு முடிவில் தடுக்கமாட்டோம் என்றால், ஆண்டு முழுவதும் கவனித்தாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டமும் குழந்தை எந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருக்கிறது என்பதைத் தொடர்ந்து மதிப்பிடச் சொல்கிறது. அந்தக் கவனிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணெதிரே சான்று உண்டு. 2025-ல் அரசு 6 முதல் 9-ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்காகத் ‘திறன்’ என்ற இயக்கத்தைத் தொடங்க நேர்ந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றில் அடிப்படை பிடிபடாமலே நடுநிலை வகுப்புகளுக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளைக் கைதூக்கிவிடும் முயற்சி அது. நல்ல முயற்சிதான். என்றாலும் இரண்டாம் வகுப்பில் பத்து நிமிடத்தில் சரிசெய்திருக்கக்கூடிய குறை, ஏழாம் வகுப்பில் ஒரு தனி இயக்கம் கேட்கும் அளவுக்கு முற்றிவிட்டது என்பதையும் அது காட்டுகிறது.

தொடக்க வகுப்பிலேயே எழுத்தும் கணக்கும் பிடிபட வேண்டும் என்று 2022 ஜூன் 13 அன்று தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதலில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரையிலும், மறு ஆண்டில் 4, 5-ஆம் வகுப்புகளிலும் நடைமுறைக்கு வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை அவர்கள் இருக்கும் நிலையறிந்து பிரித்து, அங்கிருந்தே கற்பிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அரும்பிலிருந்து மொட்டுக்கு ஒரு குழந்தை எப்போது நகர்ந்தது என்று தெரியாவிட்டால் இந்தப் பிரிவினையே ஒரு முத்திரையாகிவிடும். ஆகவே திட்டம் வெற்றிபெற, அன்றாட மதிப்பீடு உயிர்நாடி.

ஒரு செல்போன், முப்பது அட்டைகள்

இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்கள் கையில் சிறு ரிமோட் போன்ற கருவியைக் கொடுத்து, கேள்விக்கு விடையாக ஒரு பொத்தானை அழுத்தச் செய்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் ஒரு முறையை வகுத்தார். பாடத்தின் நடுவே ஒரு கேள்வி கேட்பார். ஒவ்வொருவரும் தனியாக விடை தருவார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்துவிட்டு மீண்டும் விடை தருவார்கள். இரண்டாம் முறை சரியான விடை கூடியிருக்கும். அவர் முதலில் இதற்குப் பயன்படுத்தியவை கைகளும் அட்டைகளும்தான். மின்கருவி பின்னால் வந்தது.

அரசுப் பள்ளிக்கு ஆளுக்கொரு பொத்தான் கருவி வேண்டியதில்லை. குழந்தைக்கு ஒன்றாக அச்சிட்ட காகித அட்டை போதும். அட்டையின் நடுவில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு குறியீடு இருக்கும். நான்கு பக்கமும் அ, ஆ, இ, ஈ என்று சிறியதாக எழுதியிருக்கும். விடை ‘இ’ என்றால், ‘இ’ மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் செல்போனையோ கைக்கணினியையோ வகுப்பை நோக்கி இடமிருந்து வலமாகத் திருப்பினால், கேமரா எல்லா அட்டைகளையும் படித்துவிடும். யார் எந்த விடை சொன்னார்கள் என்பது பெயரோடு அவர் கருவியின் திரையில் தெரியும். பிளிக்கர்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்தும் முறை இது.

இதில் இரண்டு நன்மைகள் உண்டு. ஒவ்வொரு அட்டையின் குறியீடும் வேறு என்பதால், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்ப முடியாது. தப்பாகச் சொன்ன பிள்ளை யார் என்பது வகுப்பில் மற்றவர்களுக்குத் தெரியாது. கூச்ச சுபாவமுள்ள குழந்தைக்கு இது பெரிய விடுதலை.

அட்டையும் வேண்டாம் என்றால் சிலேட்டு இருக்கிறது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். பெரிய மாணவன் சிறியவனுக்குச் சொல்லித்தரும் ‘மதராஸ் முறை’ அங்கிருந்துதான் இங்கிலாந்துக்குப் போனது. அதே காலத்தில் அங்கே ஜோசப் லங்காஸ்டர் நடத்திய பள்ளிகளில், கட்டளை வந்ததும் அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சிலேட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். இன்று கேமரா செய்வதை அன்று கண் செய்தது.

தமிழகத்திலேயே இதற்கு அண்மைக்கால முன்மாதிரி இருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை பூசப்பட்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென ஓர் இடம். ஆசிரியர் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தால் யார் என்ன எழுதுகிறார்கள் என்று தெரிந்தது. அந்தக் கரும்பலகைகளைப் பல பள்ளிகளில் இன்றும் காணலாம். ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது என்பதற்காக அவற்றின் மேல் வண்ணம் அடித்துவிடக் கூடாது.

கேள்வி சரியாக இருந்தால்தான் பயன்

கருவி எதுவானாலும் அது கொண்டுவரும் செய்தி, நாம் கேட்கும் கேள்வியின் தரத்தைப் பொறுத்தது. ஓர் எடுத்துக்காட்டு. திரேஸ்புரத்தில் ஒரு படகில் 52 கிலோ மீன் வந்தது, 18 கிலோ விற்றுவிட்டது, மீதி எவ்வளவு? விடைகளாக 34, 46, 44, 70 என்று நான்கு எண்களைக் கொடுக்கலாம்.

34 என்று சொன்ன குழந்தைக்குக் கணக்கு விளங்கிவிட்டது. 46 என்று சொன்ன குழந்தை, 2-லிருந்து 8 போகாது என்பதால் 8-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியவில்லை. 44 என்ற குழந்தை கடன் வாங்கியது. ஆனால் பத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிட்டது. 70 என்ற குழந்தை கூட்டிவிட்டது. அதற்குக் கணக்கைவிட வாக்கியம் புரியாததுதான் சிக்கலாக இருக்கலாம். நான்கு விடையும் நான்கு விதமான உதவியைக் கேட்கின்றன.

இப்படித் தேடிச் சேர்க்காமல் 34, 20, 90, 11 என்று வாய்க்கு வந்த எண்களைப் போட்டால், யாருக்குத் தெரியும் என்பது மட்டும் தெரியும். தெரியாதவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாது. அட்டை முறையின் முழுப் பலனும் தப்பான விடைகளைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தால்கூட நாலில் ஒருவருக்குச் சரியாக அமைந்துவிடும். முப்பது பேர் வகுப்பில் ஒருவருக்குமே விடை தெரியாவிட்டாலும், ஏழெட்டுப் பேர் சரியான அட்டையைத் தூக்கக்கூடும். ஆகவே ஒரே கேள்வியை வைத்து எந்தக் குழந்தையையும் முடிவு கட்டக் கூடாது. ஒரே கருத்தைப் பற்றி இரண்டு, மூன்று கேள்விகள் கேட்டு, பிறகு ‘எப்படிச் செய்தாய்?’ என்று பேசவைக்க வேண்டும். மசூர் முறையில் பலன் தந்தது வாக்களிப்புக்குப் பிறகு நடந்த பேச்சு. பொத்தானையோ அட்டையையோ மட்டும் வாங்கி வைத்துவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டால், கையில் மிஞ்சுவது ஒரு விளையாட்டுப் பொருள்தான்.

அட்டைக்கு எட்டாதவை

தொடக்க வகுப்பில் தலையாயது வாசிப்பு. ஒரு குழந்தை எழுத்தைக் கூட்டிக் கூட்டித் திணறுகிறதா, சொல்லைச் சொல்லாகப் படிக்கிறதா, படித்ததை விளங்கிக்கொள்கிறதா என்பதை அ, ஆ, இ, ஈ-யில் அளக்க முடியாது. பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுதுவதும் அப்படித்தான். ‘பள்ளி’, ‘பல்லி’ இரண்டையும் படம் பார்த்து அட்டையில் பிரித்துக் காட்டிய குழந்தை, கையால் எழுதும்போது தவறலாம்.

வாசிப்பைக் கேட்டு மதிப்பிடும் செயலிகளும் வந்துவிட்டன. 2022 ஜூனில், தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வி மையங்களில், கூகுளின் ரீட் அலாங் செயலியைக் கொண்டு ஒரு வாசிப்பு மாரத்தான் நடந்தது. குழந்தைகள் உற்சாகமாகக் கதைகளை வாசித்தார்கள். பயிற்சிக்கும் ஆர்வமூட்டுவதற்கும் அது நல்ல துணை. குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் குழந்தையின் வாசிப்பைப் பதிவுசெய்து செயற்கை நுண்ணறிவால் மதிப்பிடும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன.

ஆனால், மதிப்பெண் போடும் வேலையை இயந்திரத்திடம் விடும்போது நம் கரையின் பேச்சை நினைத்துக்கொள்ள வேண்டும். மணப்பாட்டுப் பிள்ளையின் உச்சரிப்பும் கோவில்பட்டிப் பிள்ளையின் உச்சரிப்பும் ஒன்றல்ல. வட மாநிலத் தொழிலாளர் வீட்டிலிருந்து வந்து தமிழ் படிக்கும் குழந்தையின் நாக்கு இன்னும் வேறு. ஊர்ப் பேச்சைப் பிழையாக எண்ணும் ஒரு செயலி, நன்றாகப் படிக்கும் குழந்தையைத் திணறுகிற குழந்தையாகக் காட்டிவிடும். அந்த இடத்தில் ஆசிரியரின் காதுக்கு மாற்று இல்லை.

யாருக்காக இந்தப் பதிவு?

ஆசிரியர்களின் மனக்குறையைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். எமிஸ் எனும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்திலும் பள்ளிக் கல்வித் துறையின் செயலியிலும் வருகைப் பதிவு முதல் நலத்திட்டப் பொருள்கள் வரை பதிவேற்றுவதிலேயே கற்பிக்கும் நேரம் கரைகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. ‘சர்வர் சுற்றுகிறது’ என்பது ஆசிரியர்களின் அன்றாடப் பேச்சாகிவிட்டது. எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டைச் செயலி வழியே செய்யும்போது, ஒரு செல்போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழந்தையாக உட்காரவைக்க வேண்டியிருக்கிறது; அதுவரை மற்ற குழந்தைகள் சும்மா இருக்கிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் குறை. 2023-ல் தனியார் பி.எட். கல்லூரி மாணவர்களைக் கொண்டு வெளி மதிப்பீடு செய்ய முயன்றபோது எதிர்ப்பு வலுத்ததற்கும் காரணம் இருந்தது. தங்களைக் கண்காணிக்கவே மதிப்பீடு என்ற எண்ணம் ஆசிரியர்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது.

இதற்கு முன்பும் நாம் இப்படி ஒரு நல்ல யோசனையைக் கெடுத்திருக்கிறோம். 2012-ல் முப்பருவ முறையோடு, தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. ஆண்டுத் தேர்வு பயத்தைக் குறைத்து, குழந்தையை அன்றாடம் கவனிப்பதே அதன் நோக்கம். ஆனால், வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் என்று ஒதுக்கியதுமே, கவனிப்பு போய்ப் பதிவேடு வந்தது. மதிப்பெண் பட்டியல் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க அதிகாரிகள் வந்தார்கள், பட்டியல் நிரம்பியது. அந்த 40-க்குள் குழந்தையின் குறை எங்கே இருக்கிறது என்று கேட்க ஆளில்லை.

மதிப்பீட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மாநிலத்தின் நிலை அறிவதற்கானது. 2025 பிப்ரவரியில் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு நடந்த மாநில அடைவு ஆய்வு அந்த வகை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது வேண்டும். கொள்கை வகுக்க உதவும். மற்றொன்று, நாளைக் காலை இந்த வகுப்பில் என்ன சொல்லித்தருவது என்று தீர்மானிப்பதற்கானது. அதன் விடை வகுப்பறையைத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே இல்லை. பிரிட்டிஷ் கல்வியாளர்கள் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் வலியுறுத்தியதும் இதுதான்: மதிப்பீட்டில் கிடைத்த செய்தியைக் கொண்டு கற்பித்தலை உடனே மாற்றிக்கொண்டால்தான் அது கற்றலை உயர்த்தும்.

இரண்டையும் ஒரே செயலியில் கலக்கும்போதுதான் கேடு வருகிறது. அன்றாட விடை மேலிடத்துக்குப் போகும் என்று தெரிந்துவிட்டால், எந்த ஆசிரியரும் வகுப்பில் கடினமான கேள்வி கேட்க மாட்டார். எல்லோரும் சரியாகச் சொல்லக்கூடிய கேள்வியையே கேட்பார். திரை முழுக்கப் பச்சையாகத் தெரியும். குழந்தைகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

கரையோரப் பள்ளியின் தேவைகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை இந்த மாவட்டம் மறக்காது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் பல நாள் இல்லை. பள்ளிகளில் புத்தகங்களும் கருவிகளும் நனைந்து வீணாகின. அப்படிப்பட்ட பேரிடர் இல்லாத நாளிலும், நெட் சீராகக் கிடைக்காத பள்ளிகள் இங்கு உண்டு. இணையம் இருந்தால்தான் இயங்கும் எந்த மதிப்பீட்டு முறையும் இந்தக் கரைக்கு உதவாது. நெட் இல்லாமலே அட்டைகளைப் படித்து, கருவியிலேயே சேமித்துக்கொள்ளும் செயலி வேண்டும். உப்புக் காற்றில் மின்கருவிகளின் ஆயுள் குறைவு என்பதையும் வாங்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

வருகையும் இங்கே சீராக இருப்பதில்லை. ஊர்த் திருவிழா, மீன்பாடு கூடிய நாள்கள், மழைக்காலத்தில் உப்பளம் மூடியதும் வேறு வேலை தேடி வெளியூர் போகும் குடும்பங்கள் என்று, குழந்தைகள் இடையிடையே விடுபட்டுப்போகிறார்கள். பத்து நாள் கழித்து வரும் பிள்ளை எந்தப் பாடத்தைத் தவறவிட்டது என்பதைவிட, எந்தக் கருத்து அதற்குப் பிடிபடவில்லை என்பதே முக்கியம். காலை பத்து நிமிடத்தில் ஐந்து கேள்விகள் கேட்டால் அது தெரிந்துவிடும். ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும் பருவத் தேர்வு இதைக் காட்டாது.

மாவட்டத்தின் எதிர்காலமும் இதில் இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் எழுகிறது. தூத்துக்குடியில் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வ.உ.சி. துறைமுகம் விரிவடைகிறது. அந்த வேலைகளுக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் போக வேண்டுமானால், அதற்கான வாசல் பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ தொடங்குவதில்லை. மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்துகொள்வதில் தொடங்குகிறது.

குழந்தையின் மானம்

விடைகளை ஸ்மார்ட் போர்டில் பெயரோடு காட்டும் வசதி இந்தச் செயலிகளில் உண்டு. அதைத் தொடவே கூடாது. ஏழு வயதுக் குழந்தையின் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி விழுவதை வகுப்பு முழுக்கப் பார்த்தால், அடுத்த நாளிலிருந்து அந்தக் குழந்தை தன் விடையைத் தூக்காது. பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும். பெயரில்லாமல், எத்தனை பேர் எந்த விடை சொன்னார்கள் என்று மட்டும் காட்டினால் போதும். ‘எட்டுப் பேர் 46 என்று சொல்லியிருக்கிறீர்கள். ஏன் அப்படித் தோன்றியது?’ என்று கேட்கும் ஆசிரியரின் வகுப்பில், தப்பு வெட்கப்பட வேண்டிய ஒன்றாக இராது.

பதிவுகளின் பாதுகாப்பும் சிறு விஷயமல்ல. 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவல்களைக் கையாள்வதற்குத் தனிக் கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக, வெளிநாட்டு நிறுவனத்தின் செயலியில் நம் குழந்தைகளின் பெயரையும் அவர்கள் செய்த பிழைகளையும் ஏற்றிவைப்பது சரியல்ல. வரிசை எண் போதும். பெயர் ஆசிரியரின் நோட்டில் இருக்கட்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, அன்றாட வகுப்பறை மதிப்பீட்டின் விவரங்கள் ஆசிரியரின் கருவியை விட்டு வெளியே போகாது என்று பள்ளிக் கல்வித் துறை அரசாணையாகவே வெளியிட வேண்டும். மேலிடத்துக்கு வேண்டிய புள்ளிவிவரத்தை மாநில அடைவு ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இந்த உறுதி கிடைத்தால்தான் ஆசிரியர்கள் இந்தக் கருவியைத் தங்களுடையதாக எண்ணுவார்கள்.

இரண்டாவது, மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், நெட் இல்லாமல் இயங்கும் தமிழ்ச் செயலி ஒன்றை உருவாக்கி, ஏற்கெனவே கொடுத்த கைக்கணினிகளில் நிறுவ வேண்டும். புதிதாகக் கருவி எதையும் கொள்முதல் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் கெட்டித் தாளில் அச்சிட்ட அட்டை, விலையில்லாப் பாடநூலோடு சேர்ந்தே வரட்டும்.

மூன்றாவது, கேள்வி வங்கி. குழந்தைகள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் என்னவென்று நன்கறிந்தவர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள். குறுவள மையக் கூட்டங்களைச் சுற்றறிக்கை வாசிக்கும் இடமாக வைத்திராமல், ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் கண்ட பிழைகளைக் கொண்டுவந்து, அவற்றிலிருந்து கேள்விகள் எழுதும் இடமாக மாற்ற வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் வானரமுட்டியில் உள்ள ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் அவற்றைத் திருத்தித் தொகுக்கலாம். கடல், உப்பு, பனை, துறைமுகம் என்று பிள்ளைகளுக்குப் பழகிய உலகத்திலிருந்து கேள்விகள் பிறக்கட்டும்.

நான்காவது, நேரத்தை ஒதுக்க வேண்டும். தமிழுக்கும் கணக்கிற்கும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் இந்தக் கேள்விகளுக்கு. அதில் தவறியவர்களோடு உட்கார அரை மணி நேரம். இரண்டாவது இல்லாமல் முதலாவதால் பயனில்லை. குறையைக் கண்டுபிடித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது, கண்டுபிடிக்காமல் இருப்பதைவிட மோசம். அந்த நேரத்தை உண்டாக்க, பதிவேற்றும் வேலைகளை ஆசிரியரிடமிருந்து முழுமையாக எடுத்துவிட வேண்டும்.

ஐந்தாவது, அட்டை, சிலேட்டு, சுவர்க் கரும்பலகை, வாய்மொழி வாசிப்பு என்று நான்கும் கலந்த முறையே வேண்டும். வாரம் ஒருமுறையாவது ஒவ்வொரு குழந்தையின் வாசிப்பையும் ஆசிரியர் நேரில் கேட்க வேண்டும். அதற்கு இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களின் அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆறாவது, பெற்றோருக்கு மதிப்பெண் வேண்டாம், செய்தி வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், ‘உங்கள் பிள்ளைக்கு இரண்டிலக்கக் கூட்டல் வந்துவிட்டது, கழித்தலில் கடன் வாங்குவது இன்னும் பிடிபடவில்லை, இந்த மாதம் அதைச் செய்கிறோம்’ என்று சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாத தாயும் புரிந்துகொள்வார். 60-க்கு 38 என்ற எண் அவருக்கு எதையும் சொல்லாது.

ஏழாவது, எல்லாப் பள்ளிகளிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். கடலோர ஒன்றியம் ஒன்று, உள்மாவட்ட ஒன்றியம் ஒன்று என இரண்டை மட்டும் எடுத்து, விரும்பி முன்வரும் ஆசிரியர்களைக் கொண்டு ஒரு கல்வியாண்டு நடத்திப் பார்க்கலாம். என்ன பலித்தது, என்ன பலிக்கவில்லை என்பதை அவர்களே எழுதட்டும். அந்த அறிக்கை வெளிப்படையாக வரட்டும். அதன் பிறகு மற்ற பள்ளிகளுக்குக் கொண்டுபோகலாம்.

இவற்றில் எதற்கும் புதிய நிதி பெரிதாகத் தேவையில்லை. தேவைப்படுவது, வகுப்பறையில் நிற்பவர் மீது அரசு வைக்க வேண்டிய நம்பிக்கை. எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் தோற்கடிக்க மாட்டோம் என்று தமிழகம் வாக்குக் கொடுத்திருக்கிறது. எந்தக் குழந்தையையும் புரியாமல் அடுத்த வகுப்புக்கு அனுப்ப மாட்டோம் என்பதையும் அந்த வாக்கோடு சேர்த்தால்தான் அது முழுமை பெறும். வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் அந்த முதல் அரசாணை வெளிவர வேண்டும்.